கேர்ன்ஸ் மாஸ்டர்ஸ் விளையாட்டு விழாவுக்கு முதல்முறை போகிறீர்களா? பதிவு முதல் கடைசிப் போட்டி வரை

பள்ளி, கல்லூரியோடு விளையாட்டை மூட்டை கட்டிவிட்டு, நாற்பதிலோ ஐம்பதிலோ மறுபடி ஓடவும் நீந்தவும் ராக்கெட் பிடிக்கவும் ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில், கேர்ன்ஸ் நகரில் 'கிரேட் பேரியர் ரீஃப் மாஸ்டர்ஸ் கேம்ஸ்' என்ற, மூத்த வயதினருக்கான பல்விளையாட்டு விழா நடக்கிறது. நடத்துவது அந்த ஊரின் கவுன்சில். வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் வரும். தகுதிச் சுற்று இல்லை. மாநில அணியில் ஆடியிருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்ச வயது ஆகியிருந்து, கட்டணம் கட்டினால் களத்தில் நிற்கலாம்.

எல்லோருக்கும் வாசல் திறந்திருப்பதால்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். வழிநடத்தப் பயிற்சியாளரோ அணி மேலாளரோ கிடையாது. வயதுப் பிரிவு, கட்டணம், காப்பீடு, மாத்திரை எல்லாவற்றையும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இதே முறையில் நடக்கும் மற்ற ஊர் மாஸ்டர்ஸ் விழாக்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்தப் பயனுக்காகப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

இதைத் தீர்மானிக்காமல் பதிவுப் பக்கத்தைத் திறந்தால் ஆசையில் ஐந்தாறு போட்டிகளைத் தேர்ந்துவிட்டு இரண்டாம் நாளே தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

உடல்நலம்தான் நோக்கம் என்றால், பயன் விழா நடக்கும் நாட்களில் கிடைப்பதில்லை. அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில் கிடைக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தச் சரிவு மெதுவாகிறது. தசையும் கூடவே கரைகிறது. 'உடற்பயிற்சி செய்யணும்' என்று பொதுவாக நினைப்பவர் மழை வந்தால் விட்டுவிடுவார். நாட்காட்டியில் தேதி குறித்து, பணமும் கட்டியவர் மழையிலும் கிளம்புவார். அந்தத் தேதிதான் இந்த விழா தரும் முதல் நன்மை.

இரண்டாவது, நியாயமான போட்டி. ஐந்து வயது இடைவெளியில் பிரிவுகள் இருப்பதால் 57 வயதுக்காரர் 35 வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை. மூன்றாவது, ஆட்கள். புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு வேலையிடம், கோயில், தமிழ்ச் சங்கம் இவற்றுக்கு வெளியே நட்பு கிடைப்பது அரிது. விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்தால் வாரம் இரண்டு நாள் அந்த ஊர் மனிதர்களோடு நிற்கிறீர்கள். கடைசியாக, குடும்பம்: போட்டி பாதி நாள், ஊர் பாதி நாள் என்று பிரித்தால் துணைவரும் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் வருவார்கள்.

கவுன்சில் நடத்துவதில் ஒரு தனி ஆதாயம் இருக்கிறது. தடகளத் திடல், நீச்சல்குளம் போன்ற இடங்களில் பல அதன் கையிலேயே இருப்பவை. மைதானத்தில் ஆட்டத்தை ஓட்டுபவர்கள் உள்ளூர்ச் சங்கத்துக்காரர்கள். விழாவுக்கு வருபவர்களால் விடுதி, உணவகங்களுக்கு வியாபாரம், சங்கங்களின் கேன்டீனுக்கு வருமானம். அதனால் முதல்முறை வருபவரை அவர்கள் உண்மையாகவே வரவேற்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

2. உங்கள் வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள்

அதிகம் பேர் தவறும் இடம் இது. எல்லா விளையாட்டுக்கும் ஒரே விதி இல்லை.

தடகளத்தில் போட்டி தொடங்கும் நாளன்று உங்களுக்கு எத்தனை வயதோ அதுதான். மாஸ்டர்ஸ் நீச்சலில் அந்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று ஆகும் வயது கணக்கு. செப்டம்பரில் 50 நிறைபவர் மே மாதப் போட்டியில் நீச்சலுக்கு 50-54 பிரிவு, ஓட்டத்துக்கு 45-49 பிரிவு. இரண்டிலும் ஒரே பிரிவைப் போட்டுவிட்டால் கடைசி நேரத்தில் மாற்றுவது பெரும்பாடு.

குறைந்தபட்ச வயதும் மாறும். பெரும்பாலான விளையாட்டுகளில் 30 அல்லது 35. நீச்சலில் அதைவிடக் குறைவு. பேட்மின்டன் இரட்டையரில் இருவரில் இளையவரின் வயதுதான் பிரிவைத் தீர்மானிக்கும். 52 வயதுக்காரர் 38 வயதுத் தம்பியைச் சேர்த்துக்கொண்டால் ஆடப்போவது 35-39 பிரிவில். தொடர் நீச்சலில் (ரிலே) நால்வரின் வயதைக் கூட்டி, அந்தத் தொகையை வைத்துப் பிரிவு போடுவார்கள்: 100-119, 120-159, 160-199, 200-239 என்று போகும். 159 ஆன அணியில் ஒருவரை மாற்றினால் பிரிவே மாறிவிடும் என்பதால் ஆளைத் தேர்வதற்கு முன் கூட்டிப் பாருங்கள்.

எறிதலுக்குப் போகிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். பள்ளி நாட்களில் எறிந்த எடை இப்போது பொருந்தாது. உலக மாஸ்டர்ஸ் தடகள விதிப்படி ஆண்களுக்குக் குண்டு எறிதலில் 35 முதல் 49 வரை 7.26 கிலோ, 50-59க்கு 6 கிலோ, 60-69க்கு 5, 70-79க்கு 4, 80க்கு மேல் 3. பெண்களுக்கு 35-49 வரை 4 கிலோ, 50-74க்கு 3, 75க்கு மேல் 2. ஈட்டியில் ஆண்களுக்கு 800 கிராமில் தொடங்கி 50களில் 700, 60களில் 600, 70களில் 500 என்று இறங்கும்; பெண்களுக்கு 600, 50 முதல் 500, 75 முதல் 400. போட்டியில் எறியப்போகும் எடையிலேயே பயிற்சி செய்யுங்கள். கனமான குண்டில் பழகினால் போட்டியில் வேகமாகப் போகும் என்று நினைத்துத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

3. மருத்துவரிடம் போங்கள், மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப் போங்கள்

விழாவுக்கு நான்கு மாதம் முன்பு குடும்ப மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நெஞ்சுவலி, மயக்கம், படி ஏறும்போது மூச்சுத் திணறல், சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், நெருங்கிய சொந்தத்தில் இளம்வயது மாரடைப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தெற்காசியர்களுக்கு இதயநோயும் சர்க்கரையும் மற்றவர்களைவிடச் சிறு வயதிலேயே வருவது தெரிந்த செய்தி. 'எனக்கு ஒன்றும் இல்லை, தினமும் நடக்கிறேன்' என்பவர்கள்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். நடைக்கும் 100 மீட்டர் ஓட்டத்துக்கும் இதயத்தின் மேல் விழும் சுமையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்தது மாத்திரை. ஊக்கமருந்துத் தடை விதி வயதானவர்களுக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தந்த விளையாட்டின் தேசிய அமைப்பு விதியை ஏற்றிருந்தால் அதன் கீழ் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்கும் அது பொருந்தும். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் சில மருந்துகள் தடைப் பட்டியலில் உள்ளன:

- ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, சிறுநீர் பெருக்கும் மருந்துகள். வேறு அழுத்த மருந்தோடு ஒரே மாத்திரையில் கலந்தும் வரும், பெட்டியின் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது.
- இன்சுலின்.
- பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள், போட்டிக் காலத்தில்.
- அட்டினலால், மெட்டோபுரோலால் வகை மருந்துகள். இவை வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல், கோல்ஃப் போன்ற சில விளையாட்டுகளில் மட்டும் தடை.

ஆஸ்துமாவுக்கு சால்புட்டமால் பஃப் எடுக்கலாம்: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்குள், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மிகாமல்.

எந்த மருந்தையும் போட்டிக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். அது மிக ஆபத்து. மருத்துவக் காரணம் இருந்தால் 'சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு' வாங்க வழி உண்டு. நாடளவில் போட்டியிடாத அமெச்சூர்கள் பெரும்பாலும் சோதனைக்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்போது நோய், மருந்து, அளவு எல்லாம் எழுதிய மருத்துவரின் கடிதமும் பழைய பரிசோதனை அறிக்கைகளும் கையில் இருக்க வேண்டும். அவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். ஊக்கமருந்துத் தடையைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஸ்போர்ட் இன்டெக்ரிட்டி ஆஸ்திரேலியாவின் தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம், உடல் பருக்கும் பொடி ஆகியவற்றை அப்படிச் சரிபார்க்க வழியே இல்லை; விழா முடியும்வரை அவற்றைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

மெட்டோபுரோலால் வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னொன்று: அது இதயத் துடிப்பு ஏறுவதைத் தடுக்கும். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பிப் பயிற்சி செய்தால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவீர்கள். ஓடிக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது உங்களுக்கு நம்பகமான அளவுகோல்.

4. பதிவு: கட்டணம் இரண்டு அடுக்கு

மாஸ்டர்ஸ் விழாக்களில் ஒரே கட்டணம் என்று நினைத்து ஏமாறுவது சகஜம். முதலில் விழாக் கட்டணம்: ஆளுக்கு ஒருமுறை, எத்தனை விளையாட்டில் கலந்தாலும் ஒன்றுதான். அதன் மேல் விளையாட்டுக் கட்டணம்: ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி. நீச்சலும் டேபிள் டென்னிசும் ஆடினால் ஒரு விழாக் கட்டணம், இரண்டு விளையாட்டுக் கட்டணம். கோல்ஃப் போன்றவற்றில் மைதான வாடகை சேர்வதால் கூடுதலாக இருக்கும்.

அதற்கு மேலும் சிலவற்றில் தேசியச் சங்க உறுப்பினர் அட்டை அல்லது ஒருநாள் உரிமம் கேட்பார்கள். சைக்கிள், டிரையத்லான், நீச்சல் மூன்றுக்கும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறுப்பினர் ஆண்டு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். டிசம்பரோடு முடியும் அட்டையை வைத்துக்கொண்டு மே மாதம் வந்து நிற்பவர்கள் உண்டு.

பதிவின்போது தேவைப்படுபவை: பிறந்த தேதி தெரியும் அரசு அடையாள அட்டை, அவசரத் தொடர்புக்கு ஒருவரின் எண், சங்க உறுப்பினர் எண், நீச்சல் போன்றவற்றுக்கு உங்கள் அண்மைக்கால நேரம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தலைப்பெழுத்து முறையால் நமக்கு இங்கே சிக்கல் வரும்: அட்டையில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்க, பதிவில் ஓர் எழுத்து மட்டும் இருந்தால் அனுமதி அட்டை வாங்கும் மேசையில் நேரம் போகும்.

முன்பதிவுச் சலுகை இருந்தால் அதன் கடைசி நாளையும், பணம் திரும்பத் தரும் கடைசி நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சலுகையை விடப் பின்னது முக்கியம். ஐம்பது வயதுக் கணுக்கால் எப்போது மடங்கும் என்று யாருக்கும் தெரியாது.

அணி விளையாட்டு என்றால் கவனம். அணித்தலைவர் அணியைப் பதிவு செய்துவிட்டால் உறுப்பினர்கள் பதிவாகிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் தனியாகப் பதிந்து, விழாக் கட்டணம் கட்டி, அந்த அணியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அணித்தலைவர் வாட்ஸ்அப் குழுவில் 'பதிஞ்சாச்சா' என்று கேட்காமல், ரசீதின் படத்தை அனுப்பச் சொல்வது நல்லது. அணி இல்லாத தனி ஆளும் வரலாம். ஆள் குறையும் அணிகளில் சேர்த்துவிட ஏற்பாடு உண்டா என்று அந்த விளையாட்டின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்; புது நட்பு கிடைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

எத்தனை போட்டிக்குப் பதியலாம்? முதல்முறை என்றால் ஒரே விளையாட்டு, நாளுக்கு அதிகபட்சம் இரண்டு போட்டி. 100, 200, நீளம் தாண்டுதல் மூன்றையும் ஒரே நாளில் போடுவது தொடையின் பின்தசையைக் கிழிக்க நேர்வழி. ஐம்பதுக்கு மேல் தசை தேற எடுக்கும் நேரம் கூடிவிடுகிறது.

5. காப்பீடு: யாருக்கு எது கிடைக்காது

சங்க உறுப்பினர் கட்டணத்தோடு வரும் விபத்துக் காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி, மெடிகேர் (அரசின் பொது மருத்துவக் காப்பீடு) பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மெடிகேர் தந்ததுபோக மீதித் தொகையை விளையாட்டுக் காப்பீடு தர முடியாது. பல், பிசியோதெரபி போன்ற மெடிகேருக்கு வெளியே உள்ள செலவுகளுக்கே அது உதவும், அதுவும் ஒரு வரம்புக்குள்.

ஆம்புலன்ஸ் தனிக்கதை. குயின்ஸ்லாந்தில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு அது இலவசம். சிட்னி, மெல்பர்னிலிருந்து வருபவர்களுக்கு அப்படி இல்லை. மெடிகேரும் ஆம்புலன்ஸுக்குத் தராது. தனியார் காப்பீட்டிலோ ஆம்புலன்ஸ் சந்தாவிலோ வேறு மாநிலப் பயணமும் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் துணைவகை 600 வருகையாளர் விசா. சிங்கப்பூர், மலேசியா, கனடா கடவுச்சீட்டுக்கு மின்னணு அனுமதியான 601. பிரிட்டன், நார்வே உள்ளிட்ட ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்கு 651. 600க்கு விண்ணப்பிப்பவர்கள் குறைந்தது மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். விழாப் பதிவு ரசீது, விடுப்புக் கடிதம், வங்கி அறிக்கை, ஊரில் உள்ள வீடு அல்லது வேலை பற்றிய ஆவணம் ஆகியவற்றை இணையுங்கள். போட்டிக்கு வருகிறேன், பணம் வாங்காத அமெச்சூர் என்று மறைக்காமல் எழுதுங்கள். 75 வயதைத் தாண்டியவர்களிடம் மருத்துவப் பரிசோதனையும் காப்பீட்டுச் சான்றும் கேட்கலாம். இன்னும் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். விசா வரும்வரை பணம் திரும்பாத விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

பிரிட்டன், நார்வேயில் வசித்து அங்கே மருத்துவ உரிமை உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. அவசர சிகிச்சைக்கு மெடிகேர் உதவும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடாவிலிருந்து வருபவர்களுக்கு அது இல்லை. பயணக் காப்பீடு வாங்கும்போது 'போட்டி விளையாட்டு அடங்குமா' என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டியை விலக்கும் வரி பொடி எழுத்தில் இருக்கும். ஏற்கனவே உள்ள நோய்களையும் சொல்லிவிடுங்கள்.

மருந்து மூன்று மாதத் தேவைக்கு மேல் கொண்டுவரக் கூடாது. மூலப் பெட்டியிலும் சீட்டோடும் இருக்கட்டும். பருப்புப் பொடி, ஊறுகாய், இனிப்பு எதுவாக இருந்தாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்தால் மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள்; மறைத்தால் அந்த இடத்திலேயே பெரும் அபராதம். மண் ஒட்டிய ஸ்பைக்ஸ் காலணியையும் கழுவிக் காயவைத்தே பெட்டியில் வையுங்கள்.

7. பதினாறு வாரப் பயிற்சி

முதல் நான்கு வாரம் பழக்கம் பிடிக்க மட்டும்: வாரம் மூன்று நாள், பேச முடியும் வேகம், இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, படியின் விளிம்பில் குதிகாலை மெல்ல இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. எளிதாகத் தெரியும் இவைதான் குதிநாணையும் முழங்காலையும் காக்கும்.

ஐந்து முதல் பத்தாம் வாரம் வரை உங்கள் விளையாட்டுக்கான பயிற்சி. வேகமான நாள் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரமாவது போகட்டும். பதினொன்று முதல் பதினான்கு வரை போட்டியைப் போலவே ஒத்திகை: அதே காலணி, அதே எடை, அதே காலை நேரம். கடைசி இரண்டு வாரம் அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இந்த இடத்தில்தான் பயந்துபோய் இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்து களைத்துப் போகிறார்கள்.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று அறியக் காசு செலவில்லாத வழி பார்க்ரன். சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், பதிவு இலவசம். குயின்ஸ்லாந்தில் 7 மணிக்குத் தொடங்கும். முடிவில் வயதுக்கேற்ற சதவீதம் ஒன்று வரும். உங்கள் வயது, பாலினத்துக்கான சிறந்த நேரத்தோடு ஒப்பிட்ட கணக்கு அது. மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் இளைஞர்களோடு ஒப்பிடுவதை விட அதில் உண்மை அதிகம்.

நீச்சல்காரர்களுக்கு: 25 மீட்டர் குளத்து நேரத்தை அப்படியே எழுதிப் பதியாதீர்கள். 50 மீட்டர் குளத்தில் சுவரை உதைத்துத் தள்ளும் வாய்ப்பு பாதிதான், நேரம் கூடும். மாஸ்டர்ஸ் விதியில் மேடையிலிருந்து குதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தண்ணீரில் இருந்தபடியே தொடங்கலாம். பட்டர்பிளையில் தவளைக் காலடியும் அனுமதி. இது தெரியாமல் பட்டர்பிளை பக்கமே போகாதவர்கள் ஏராளம்.

8. பயணம், தங்குமிடம்

செலவில் பெரும்பங்கு இதுதான். இதோடு ஒப்பிட்டால் பதிவுக் கட்டணம் சிறியது. பிரிஸ்பேனிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள், சிட்னியிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். பிரிஸ்பேனிலிருந்து காரில் வந்தால் சுமார் 1,700 கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய மறுநாள் ஓடினால் இடுப்பும் தொடையும் விறைத்திருக்கும். டவுன்ஸ்வில்லிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், அது சமாளிக்கக் கூடியது.

குறைந்தது இரண்டு நாள் முன்பே வாருங்கள். கேர்ன்ஸில் மே மாதம் மழைக்காலம் ஓய்ந்து குளிர்ச்சி தொடங்கும் நேரம் என்றாலும் பகலில் 28 டிகிரி வரை போகும், காற்றில் ஈரம் இருக்கும். மெல்பர்ன், அடிலெய்டின் மே மாதக் குளிரிலிருந்து வரும் உடல் இந்த வெக்கைக்கு முழுதாகப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்கு வழியில்லை என்றால், கிளம்புவதற்கு முந்தைய பத்து நாள் சில பயிற்சிகளைக் கூடுதல் உடை போட்டுச் செய்யலாம். இதயநோய், அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

தங்குமிடத்தை விளையாட்டு அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊர் மலைக்கும் கடலுக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. தடகளம் நடக்கும் பார்லோ பார்க், டோப்ரூக் நீச்சல்குளம் போன்றவை நகர நடுவே. சில போட்டிகள் புறநகரில். வடக்கே ஸ்மித்ஃபீல்ட் 15 கிலோமீட்டர் தள்ளி. காலை 7 மணிக்குக் கூப்பிடும் போட்டிக்கு அந்நேரத்தில் பேருந்தை நம்ப முடியாது. நாலு பேர் சேர்ந்தால் வாடகைக் காரே மலிவு. சமையலறை உள்ள அறையாக எடுங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும் ரஸ்டிஸ் சந்தையில் வாழைப்பழம், பப்பாளி, கீரை எல்லாம் கிடைக்கும்; ஒரு குக்கர் சோறும் தயிரும் இருந்தால் வயிறு சொன்னபடி கேட்கும். போட்டிக்கு முந்தைய இரவு புது உணவகத்தைச் சோதித்துப் பார்க்கும் நேரம் இல்லை.

குளிக்க ஆசை வந்தால் எஸ்பிளனேடில் இருக்கும் லகூனுக்குப் போங்கள், நுழைவு இலவசம், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். கடலிலும் கழிமுகத்திலும் முதலை உண்டு. கொட்டும் ஜெல்லி மீன்களின் காலம் சுமார் நவம்பர் முதல் மே வரை நீள்கிறது. எச்சரிக்கைப் பலகையை அழகுக்கு வைக்கவில்லை.

9. போட்டி நாட்கள்

வந்த அன்றே அனுமதி அட்டையை வாங்கிவிடுங்கள். அடையாள அட்டையும் பதிவு மின்னஞ்சலும் கையில் இருக்கட்டும். அட்டவணை கடைசி வாரத்தில் மாறியிருக்கும்; பழைய கோப்பை அச்சிட்டு வைத்து அதை நம்பாதீர்கள்.

தடகளத்தில் ஓட்ட நேரத்துக்கு முன்பே அழைப்பு அறையில் பெயர் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் முன்பு என்பது கையேட்டில் இருக்கும், அதைத் தவறவிட்டால் மைதானத்தில் நின்றிருந்தாலும் ஓட விடமாட்டார்கள். சொந்த ஈட்டி, குண்டு கொண்டுவந்தால் முதலில் அளவு பார்க்கும் மேசைக்குப் போங்கள். பேட்மின்டனுக்குத் தரையில் தடம் பதிக்காத அடி கொண்ட காலணி கட்டாயம்.

உடலைச் சூடாக்க இளைஞர்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்: 10 நிமிடம் மெல்ல ஓட்டம், கால் கை அசைவுகள், பிறகு படிப்படியாக வேகம் கூட்டி நாலைந்து சிறு ஓட்டங்கள். கடைசி ஓட்டம் போட்டி வேகத்துக்கு அருகில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் முதல் 20 மீட்டரில் தசை பிடித்து நின்றவர்களை ஒவ்வொரு மாஸ்டர்ஸ் போட்டியிலும் பார்க்கலாம்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். வெயிலுக்குப் பயந்து லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உப்புப் போட்ட நீர்மோர் நல்ல மாற்று. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் குளுக்கோஸ் மாத்திரையை டிராக் பேண்டின் பையிலேயே வைத்திருங்கள், பெட்டியில் வேண்டாம்; சர்க்கரை இறங்குவது பல மணி நேரம் கழித்து இரவிலும் நடக்கும் என்பதால் அறைத் தோழரிடமும் சொல்லி வையுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் உடனே நின்றுவிட்டு முதலுதவிக் கூடாரத்துக்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு எண் மூன்று பூஜ்யம்: 000.

10. முடிந்த கையோடு செய்ய வேண்டியவை

முடிவுப் பட்டியலில் உங்கள் பெயர், பிரிவு, நேரம் சரியா என்று மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். தடகளத்தில் முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

ஆட்கள் குறைந்த பிரிவில் தனியாக ஓடியும் பதக்கம் கிடைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வர வேண்டிய மற்றவர்கள் வரவில்லை, நீங்கள் வந்தீர்கள். ஆனால் முன்னேற்றத்தை அளக்க நேரத்தையும் தூரத்தையும் குறித்து வையுங்கள்.

பிறகு ஒரு வாரம் நடை, மெல்லிய நீச்சல் மட்டும். இரண்டாம் வாரமே உங்கள் ஊர்ச் சங்கத்தின் பயிற்சி நாளுக்குப் போய்விடுங்கள். விழாவுக்குப் பிறகு ஒரு மாதம் சும்மா இருந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த விழாவுக்கு முந்தைய மாதம்தான் எழுகிறார்கள். அடுத்த பதிவு எப்போது திறக்கும் என்ற அறிவிப்பு வர, விழாவின் மின்னஞ்சல் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, இம்முறை வாங்கிய மருத்துவக் கடிதம், உறுப்பினர் எண், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மருத்துவக் கடிதத்தையும் உறுப்பினர் அட்டையையும் புதுப்பித்தால் போதும்.